ஒரு வரி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆடிட்டர் ஆபீஸ். தோமினிக் நீட்டிய காகிதத்தைப் பார்த்ததும் அங்கே வேலை பார்க்கும் கலைவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவர் மகன் ராபர்ட்டுக்குச் சென்னையில் ஓட்டல் வேலை என்று அவளுக்குத் தெரியும். ஊழியரின் குடும்பமாயிற்றே என்று எட்டாயிரம் ரூபாய் ரூமை ஐந்நூறுக்குக் கொடுத்த ஓட்டல்காரர்கள், மிச்சத்தை ராபர்ட்டின் வருமானமாக எழுதி அனுப்பியிருந்தார்கள்.

“தள்ளுபடி கூடவாம்மா வருமானம்?” என்றார் தோமினிக்.

“எல்லாருக்கும் குடுக்குற ஆஃபர்னா இல்லீங்கய்யா. தன்கிட்ட வேலை பாக்குறவருக்குன்னு முதலாளி குடுத்தா, அதுவும் சம்பளத்துல சேரும். ஏசி ரூம்ல குடும்பத்தோட ஜாலியா தங்கிட்டு, வரின்னா மட்டும் கசக்குதா?”

கலைவாணி கம்ப்யூட்டரில் ராபர்ட்டின் வரிப் படிவத்தைத் திறந்தாள்.

“சரி, நீங்க தங்குன அன்னிக்கு ராபர்ட்டு அங்க வேலையிலதானே இருந்தாரு?”

“இல்லம்மா, மார்ச்சுவரியில இருந்தான். ஒம்பதாவது மாடியில கண்ணாடி தொடைக்கும்போது காலு வழுக்கிட்டுது. பாடிய மறுநாள்தான் குடுத்தாங்க. அதுக்குத்தான் தங்குனோம்.”

கலைவாணி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“நஷ்டஈடு கேட்டதுக்கு, அவன் எங்க ஆளே இல்லன்னு சாதிச்சிட்டாங்க. இப்ப செத்தவன் தலையில வரி எதுக்கும்மா? இத்த அடிச்சுடு.”

அவள் காகிதத்தை மறுபடி படித்தாள். ‘எங்கள் ஊழியர் ராபர்ட்டுக்கு அளித்த சலுகை’ என்று இருந்தது. பக்கத்தில், ராபர்ட் விழுந்த அதே நாளின் தேதி. கீழே மேனேஜர் கையெழுத்தும் முத்திரையும்.

“அடிக்க வேணாங்கய்யா,” என்றாள். “அவரு அவங்க ஆளுதான்னு அவங்களே ஒத்துக்கிட்டது இந்த ஒரு வரியிலதான்.”