எது நல்ல துப்பாக்கி?

“ஏதாவது ஒண்ணு குடுங்கண்ணே. சின்னதா இருந்தா போதும்” என்றான் புதிதாக வந்தவன்.

போச்சு! ஆர்வில் டாக்கெட்டிடம் போய் அப்படிச் சொல்லலாமா? டென்னசி மாநிலத்தில் துப்பாக்கி விற்கிறவர்கள் எத்தனையோ பேர். வாங்க வந்தவனைப் பேசியே சாகடிக்கிறவர் இவர் ஒருத்தர்தான்.

அவனுக்குப் பின்னால் நானும் எங்கள் ஊர் வெல்டாவும் நின்றோம். நான் இடுப்பில் துப்பாக்கி செருகும் உறையை மாற்ற வந்திருந்தேன். வெல்டாவுக்குக் கைப்பையில் வைக்க இன்னொரு துப்பாக்கி வேண்டும். இருப்பது தேவாலயத்துக்குப் போடும் செருப்பின் நிறத்துக்குப் பொருந்தவில்லையாம்.

ஆர்வில் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது ஒல்லி. சட்டைக்குள்ள இருக்கிறதே தெரியாது. ஆனா சுட்டா கையை உதறும். இது கொஞ்சம் தடிமன். பத்துத் தோட்டா பிடிக்கும், கைக்கும் இதமா இருக்கும். இந்த ரிவால்வர்ல அஞ்சுதான், ஆனா மக்கர் பண்ணாது. எது பிடிச்சிருக்கு?”

“எதுவா இருந்தாலும் சரிண்ணே.”

“இடுப்புல சொருகுவியா, பாக்கெட்டா?”

“தெரியல.”

“சரி, சட்டைக்குள்ள வெச்சுக் கண்ணாடியில பாத்துரு தம்பி.”

எங்கள் ஊரில் இது ஒரு சடங்கு. குனிந்து, நிமிர்ந்து, இடுப்பை வளைத்து, வெளியே துளியும் புடைக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் வாங்குவோம். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் சட்டையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவோம். ரகசியத்தை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றுகிற ஊர்.

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. “அதெல்லாம் வேணாம். இதையே குடுங்க” என்று கைக்கு எட்டியதைத் தொட்டான்.

ஆர்வில் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எடை, கைப்பிடி, விசை... அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். பாவமாக இருந்தது.

“யோவ் ஆர்வில், துப்பாக்கி விக்கிறியா, பாடம் நடத்துறியா?” என்றாள் வெல்டா.

ஆர்வில் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“பேரென்ன தம்பி?”

“கர்டிஸ்.”

“வீட்டுல யாரு இருக்கா?”

“இப்ப யாரும் இல்ல.”

ஆர்வில் கையிலிருந்த துப்பாக்கியைக் கீழே வைத்தார். அதுவே அதிசயம்.

“கர்டிஸ், இதுல எதுவும் உனக்கு ஒத்துவராது. எனக்குப் பசிக்குது. எதிர்க்கடையில கெளுத்தி மீன் சூடாப் பொரிக்கிறாங்க. தனியாச் சாப்பிட்டா எனக்கு இறங்காது, துணைக்கு வா.”

ஆஹா, என்ன வியாபாரம்! வாங்குகிறேன் என்று நிற்கிறவனிடம் விற்க மாட்டாராம், மீன் வாங்கிக் கொடுப்பாராம். மூன்றையும் உள்ளே வைத்துப் பூட்டினார். எங்களையும் வெளியே அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினார்.

“உருப்பட்ட மாதிரிதான்!” வெல்டா தெருவிலேயே கத்தினாள். “நாங்க காத்துக்கிட்டு நிக்கிறோம், உனக்குச் சோறு கேக்குதா? இனிமே உன் வாசலை மிதிச்சா என்னை ஏன்னு கேளு!”

கர்டிஸை முன்னால் நடக்கவிட்டு ஆர்வில் எங்கள் பக்கம் திரும்பினார்.

“மெதுவாப் பேசு வெல்டா. உசுரைக் காப்பாத்திக்க வாங்குறவன், எது நல்லதுன்னு நூறு கேள்வி கேப்பான். இந்தப் பையன் ஒண்ணுகூடக் கேக்கல. இன்னிக்கு இவனைத் தனியா விட்டா, நாளைக்கு இருக்க மாட்டான்.”