பட்டையில் பதிந்த பதில்

கோமளவல்லிக்கு முப்பத்தாறு வயது. அந்த வயதில் ஆறு மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால், கணவன் மனைவி இருவரும் உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் பதியும் மின்னணுக் கைப்பட்டைகளே மருத்துவமனையில் நாள் குறித்துவிடும். வேறு வழியாக யாரும் மருத்துவரைப் பார்க்க முடியாது. எட்டாவது மாதமும் அவளுடைய பட்டையில் 'காத்திருக்கவும்' என்றே வந்தது.

பட்டை பழுதென்று நினைத்து உதவி எண்ணை அழைத்தாள்.

"பட்டை சரியாத்தான் இருக்கு மேடம். ரெண்டு பேரும் முயற்சி பண்றதா பதிஞ்சாத்தான் மாசக் கணக்கு ஓடும்," என்றது ஒரு பெண்குரல். "உங்க வீட்டுக்காரர் என்ன பதிஞ்சிருக்கார்னு நாங்க சொல்லக் கூடாது."

மாலையில் வேலையிலிருந்து திரும்பிய கணவன் தயாபரனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். 'தற்போது குழந்தை வேண்டாம்' என்றிருந்தது.

"எட்டு மாசமா சத்து மாத்திரை, கஷாயம், உங்கம்மா பேச்சு, எல்லாத்தையும் நான்தானே முழுங்கினேன்?"

அவன் தரையைப் பார்த்தான். "பதினாறு வயசுல எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்துச்சு. விதைப்பையும் வீங்கிடுச்சு. குழந்தை பிறக்குறது சந்தேகம்னு டாக்டர் அப்பவே சொன்னார். டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சுடுமேன்னு பயம், கோமளா."

இரண்டு பதில்களை அவனையே மாற்ற வைத்தாள். 'குழந்தை வேண்டாம்' என்பது 'வேண்டும்' ஆனது. முன்பு வந்த நோய் பற்றிய கேள்வியில் 'இல்லை' என்பது 'ஆம்' ஆனது. உடனே பட்டை அதிர்ந்தது. இந்த நோய் வந்தவர்கள் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாமாம். நாளைக் காலை ஒன்பதரைக்கு இருவரையும் வரச் சொன்னது.

கண்கலங்கி அவள் தோளைத் தொட வந்தான். அவள் அவனுடைய மணிக்கட்டை விடவில்லை.

"மத்த கேள்விக்கெல்லாம் என்ன பதில் போட்டிருக்கீங்க? காட்டுங்க."