கிக் விழும்வரை

வேலை நேரம் முடியும்வரை கிடங்கின் கண்ணாடி அறைக் கதவு திறக்காது. அதற்குள் நின்று இன்பராஜ் டெக்னோ இசை வாசிப்பான். அவனுடைய அனலாக் டிரம் சிந்தசைசர் எழுப்பும் ஒவ்வொரு 'கிக்'கும், அந்தக் கனத்த முரசடி, கீழே பெட்டி சுமப்பவர்கள் இடுப்பில் கட்டிய மின்பட்டை வழியாகக் கால்களில் இறங்கும். கிக் அடித்தால், வேண்டாமென்றாலும் கால் நடந்தே தீரும். கணினி போடும் தாளத்துக்குக் கால்கள் சீக்கிரமே மரத்துப்போனதால்தான், கையால் குமிழ் திருக அவனை வைத்திருந்தார்கள்.

ஏழு மாதக் கர்ப்பிணியான சலேத்மேரி அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

வேகத்தைக் குறைத்தால் மேற்பார்வையாளர் கோதண்டம் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் டெக்னோவில் கிக்கை நிறுத்தி, ஏங்க வைத்துவிட்டு மறுபடி அடிப்பது வழக்கம். அதற்கு அனுமதி உண்டு. இன்பராஜ் கிக்கை நிறுத்தினான். எல்லாரும் நின்றார்கள். சலேத்மேரி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"கர்த்தாவே, இன்னும் கொஞ்சம்" என்று வேண்டியபடி அவன் இரைச்சலை மெல்ல மெல்ல ஏற்றினான்.

"யோவ் இன்பு, பிரியாணிக்கா தம் போடுற? எப்பய்யா அடிப்ப?" ஒலிபெருக்கியில் கோதண்டம் கத்தினார்.

"ஏறிக்கிட்டிருக்கு சார். இப்ப அடிச்சா சப்புன்னு போயிரும்."

"இன்னும் இழுத்தேன்னா, நாளைக்கு நீயும் பட்டை கட்டிக்கிட்டு கீழ நடப்ப."

அது கீழேயும் கேட்டது. சலேத்மேரி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"போதும்ணே, அடிங்க. எனக்காக நீங்க மாட்டிக்காதீங்க."

மனமில்லாமல் அவன் பொத்தானை அழுத்தினான். அவள் கையூன்றி எழுவதற்குள் கால்கள் நடக்கத் தொடங்கிவிட்டன. விழப்போனவளை, தானும் நிற்க முடியாத பக்கத்துப் பெண் நடந்தபடியே தாங்கிக்கொண்டாள்.