எதிரொலி வராத ஹால்

இன்றைக்கும் கூட்டம் சேராவிட்டால் என் டான்ஸ் கிளப்பை இழுத்து மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஈ ஓட்டும் கடை எனக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். அங்கே டெக்னோ இசை வாசிக்கும் என் தங்கைக்கும் என் முடிவு தெரியும். இருந்தும் சாயங்காலமே வந்து மேசையில் மெஷின்களைப் பரப்பினாள்.

சவுண்ட் பார்ப்பவனை நாங்கள் 'காது' என்போம். காலி ஹாலில் நாம் கைதட்டினால் சுவரும் திருப்பித் தட்டும். ஆட்கள் நிறைந்தால் அவர்கள் உடம்பே ஒலியைக் குடித்துவிடும். அதைப் பார்த்துத்தான் அவன் சத்தத்தைக் கூட்டுவான், குறைப்பான்.

இன்று நடு ஹாலில் நின்று தட்டினான். எதிரொலி வரவில்லை. மறுபடி தட்டினான்.

"அண்ணே, ஹால் ஃபுல்லா இருக்குண்ணே."

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும். இதுல ஒருத்தன்கூட டிக்கெட் வாங்கலையேடா!"

அவன் சிரிக்கவில்லை. தங்கை பீட்டைத் தொடங்கினாள். வெறும் ஹாலில் பாத்திரக்கடை மாதிரி அதிர வேண்டிய சத்தம், பஞ்சு மூட்டைக்குள் விழுந்ததுபோல் அமுங்கியது. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"யாரா இருந்தா என்னண்ணா? கேக்குறாங்கல்ல. நீ கதவைத் திற."

திறந்தேன். முதலில் ஒரு ஜோடி வந்தது. எதிரே வெறும் தரை, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அவர்களோ தோளை ஒருக்களித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி" என்று முணுமுணுத்தபடி, மேசையை நோக்கி மெல்ல மெல்ல நுழைந்து போனார்கள்.