பொறுமைக்கு ஒரு விருது

விவாத நிகழ்ச்சி நடத்துபவருக்கு அலுவலகத்தில் 'இடி' என்று பட்டப்பெயர். அவர் கூப்பிட்டதும் அவள் அவர் அறைக்கு ஓடினாள். திரையின் மூலையில் நின்று, காது கேளாதவர்களுக்காக விவாதத்தைச் சைகையில் சொல்வது அவள் வேலை. அதை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது.

"உட்காரும்மா. காது கேளாதோர் பள்ளியில எனக்கு விருது தர்றாங்களாம். 'பொறுமையின் சிகரம்'னு."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"விலாசம் மாறி வந்திருக்கும்னு என் பொண்டாட்டி சொல்றா. நேத்து தனிக்குடித்தனம் பத்திப் பேசறப்போ அஞ்சு பேரும் ஒண்ணா கத்தினாங்களே, நீ என்ன பண்ணினே?"

"இருக்கிறது ரெண்டு கைதானே சார். ஒவ்வொருத்தரா வரிசையில விட்டேன்."

"அது சரி. 'வாயை மூடு'ன்னு தினம் நாற்பது தடவை சொல்றேனே, அதையாவது காட்டினியா?"

"ஒரு தடவைகூட விட்டதில்ல சார்."

"எங்க, செய் பார்ப்போம். மேடையில நானே செஞ்சு அசத்திடறேன்."

அவள் எழுந்து நின்றாள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, லேசாகத் தலை குனிந்து, கையை எதிரே மெல்ல நீட்டினாள். அவரும் இரண்டு முறை செய்து பழகிக்கொண்டார்.

விழா மேடையில் அவர் அதைச் செய்ததும், அரங்கமே எழுந்து நின்று கைகளை உயர்த்தி ஆட்டியது; காது கேளாதவர்களின் கைதட்டல் அதுதான்.

"வாயை மூடுன்னா இவ்வளவு சந்தோஷமா?" என்று பக்கத்தில் நின்ற அவள் காதைக் கடித்தார் இடி.

பின்னே, 'முதலில் நீங்கள் சொல்லி முடியுங்கள், எனக்கு அவசரமில்லை' என்று ஒரு பெரிய மனிதர் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?