சுவரில் சந்தானம் எழுதியது

"அந்தப் பள்ளிக்கூடத்தை இடிக்கிறதா இருந்தா சொல்லு, கடப்பாரையோட வரேன். வேற எதுக்கும் வரமாட்டேன்" என்றார் சௌந்தரராஜன், இட்லி மாவைப் பாக்கெட்டில் ஊற்றியபடி.

கடை வாசலில் நின்ற மாதங்கி சிரித்தாள்.

"இடிக்கலை மாமா. கீழே கடை, மேலே வீடுன்னு மாத்தறோம். நான்தான் அங்கே இன்ஜினியர்."

வங்காளத்தின் பாலிகஞ்ச் பகுதியில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் அது.

"நீ யார் பொண்ணு?"

"சந்தானம் பொண்ணு."

மாவுக் கரண்டி அப்படியே நின்றது.

"அவனாலதான் நான் அஞ்சாவதோட நின்னேன். அப்புறம் அந்த வாசலை மிதிக்கவே இல்லை. போம்மா, வியாபார நேரம்."

"அப்பா போன வருஷம் பூஜை சமயத்துல தவறிட்டார்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

மாதங்கி முகம் சுருங்கியது. ஆனாலும் நகரவில்லை.

"அங்கே ஒரு சுவர்ல வெள்ளையைச் சுரண்டினப்போ அடியில தமிழ் எழுத்து வந்துது. காம்பஸால கீறினது. கடைசியில அப்பா பேர். அந்தப் பேர் ஒண்ணுதான் எனக்குத் தமிழ்ல படிக்கத் தெரியும். மீதியை நீங்க வந்து படிச்சுச் சொல்லணும்."

"உங்கம்மாவைக் கேளு."

"அம்மா பெங்காலி."

"போன்ல காட்டு. அது எல்லாத்தையும் படிக்குமாமே?"

"காட்டினேன். 'தயிர் ரயில்'னு உளறுது. அப்பா கையெழுத்து அப்படி."

சௌந்தரராஜனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"வெறும் கிறுக்கல்னா இன்னிக்கே மேலே டைல்ஸ் ஒட்டணும்னு முதலாளி சொல்லிட்டார். அப்பா தமிழ்ல எழுதினது வேற எதுவும் என்கிட்ட இல்லை மாமா."

"டைல்ஸ்தானே? ஒட்டட்டும்!" அவர் சட்டையை மாட்டினார். "கிறுக்கல்தான்னு நானே வந்து சொல்லிட்டுப் போறேன்."

பள்ளிக்கூடத்தில் டைல்ஸ் பெட்டிகள் பிரித்துத் தயாராக இருந்தன. கொத்தனார் கையில் கரணை. முதலாளி ஜெயந்த் பாபு இடுப்பில் கை வைத்து நின்றார்.

சௌந்தரராஜன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். காது சிவந்தது. இன்னொரு தடவை படித்தார்.

பக்கத்தில் மாதங்கி, அப்பா பேர் மேலிருந்த தூசியைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு வலிக்குமோ என்கிற மாதிரி, மெதுவாக.

"என்ன தாதா, கிறுக்கல்தானே?" என்று ஜெயந்த் பாபு வங்காளத்தில் கேட்டார். கொத்தனார் சிமென்ட் கலவையை அள்ளினார்.

"அட, கையை எடுப்பா!" சௌந்தரராஜன் வங்காளத்தில் கத்தினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வங்காளத்திலேயே சொன்னார்:

"'இந்தச் சுவரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக இருக்கட்டும். இப்படிக்கு, சந்தானம்.'"

"பாஹ், பாஹ்!" ஜெயந்த் பாபு கை தட்டினார். "டைல்ஸ் வேண்டாம்! கண்ணாடி போடு, மேலே விளக்குப் போடு. இதை வங்காளத்துல பித்தளைத் தகட்டுல எழுதிப் பக்கத்துல மாட்டு!"

மாதங்கி அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்பா சின்ன வயசுலேயே இப்படியெல்லாம் எழுதுவாரா மாமா?"

"எழுதுவானாவது! எழுதி பள்ளிக்கூடத்தையே சிரிக்க வச்சான்."

திறப்பு விழா அன்று முதல் சந்தேஷ் இனிப்பை மாதங்கி சௌந்தரராஜன் வாயில்தான் ஊட்டினாள். குடிவந்தவர்கள் ஒவ்வொருவராகத் தகட்டைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். சௌந்தரராஜன் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் சந்தேஷ் கொடுத்தார்.

கண்ணாடிக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், அந்தக் கோணல் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன:

"சௌந்தரராஜன் மக்குக் கழுதை. பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கவும். இப்படிக்கு, சந்தானம்."