நீர் ஏறும் வரை

கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத்தான் படகு நின்றது.

முகத்துவாரத்துக்கு வெளியே, அலை உடையும் இடத்துக்குச் சற்று அப்பால். கரையிலிருந்தே பூங்காவனத்துக்குப் புருஷனின் நீலச் சட்டை தெரிந்தது. படகின் முன்பக்கம், அணியத்தில் சாய்ந்து கிடந்தது.

விடியலில் வலை இழுக்கும்போது மாசிலாமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறான். கூடப் போன தம்பி கலியன், வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் படகை விரட்டிக்கொண்டு வந்தான். வழியிலேயே போன் போட்டுச் சொன்னான். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. பெண்டாட்டி பூங்காவனமும் தலையைக்கூட முடியாமல் ஓடி வந்துவிட்டாள்.

ஆறுதான் வழிவிடவில்லை.

வாய் முழுக்க மணல். முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் அலை புரண்டு புரண்டு உடைந்தது. போன மாதம் இப்படி நுழைந்த படகு கவிழ்ந்து இரண்டு பேர் போனார்கள். இருபுறமும் கருங்கல் கொட்டிய கரை. அடுத்த துறைமுகம்வரை டீசல் வராது.

கயிற்றோடு இருவர் நீந்திப் பார்த்தார்கள். அலை அவர்களைக் கல்லில் கொண்டுவந்து போட்டது.

முன்னூறு வருஷத்துக்கு முன் டச்சுக்காரன் கப்பல் பாய் விரித்து நுழைந்த வாய் இது. அவன் கட்டிய கிடங்குச் சுவரின் நிழலில்தான் ஆம்புலன்ஸ் நின்றது. தூர் வாரச் சொல்லி ஊரார் நான்கு முறை மனு கொடுத்திருந்தார்கள்.

பதினொரு மணிக்கு மேல்தான் கடல் பெருகி நீர் ஏறும் என்றார்கள்.

மணி ஒன்பது.

போன் அடித்தது. படகிலிருந்து மாசிலாமணி.

“பூங்காவனம்.”

“சொல்லுங்க.”

“இன்னைக்குக் குழாய்ல தண்ணி வர்ற நாளு. புடிச்சியா?”

குடங்கள் வீட்டு வாசலில் காலியாகக் கிடந்தன.

“எல்லாத்துலயும் ரொப்பிட்டேன். நீங்க பேசாம இருங்க.”

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். கொஞ்சம்தான் தூக்க முடிந்தது.

அவளும் தூக்கினாள்.

பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். கலியன் எடுத்தான்.

“அண்ணன்கிட்ட குடுப்பா.”

“தூங்குது அண்ணி.”

போன் அணையவில்லை. காற்று இரைந்தது. அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“வெயிலா இருக்கே. மொகத்துல துணி ஏதாச்சும் போடு.”

துணியை உதறும் சத்தம் கேட்டது.

“போட்டுட்டேன் அண்ணி.”

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு நீர் ஏறியது. படகைப் பிடிக்க ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்கள். டிரைவர் ஸ்ட்ரெச்சரை இழுத்து வெளியே வைத்தார்.

மணல் மேட்டைத் தாண்டிய பிறகும் கலியன் இன்ஜினை முடுக்கவில்லை. படகு மெதுவாக, மிக மெதுவாக ஆற்றுக்குள் வந்தது.

பூங்காவனம் டிரைவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க கெளம்புங்க தம்பி. வேற யாருக்காச்சும் வேண்டியிருக்கும்.”